எதிர்காற்றில் ஒரு கிலோமீட்டர்

சித்ராதேவி மொத்தமே நாற்பத்தொரு கிலோ. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஆள் இருப்பதே தெரியாது என்று கேலி செய்வார்கள். அந்த எடைக்காகத்தான் 2006 ஆனி மாதம் அவள் தலையில் ஹெல்மெட் ஏறியது.

புருஷன் ஜெயபாண்டி நிட்டிங் மிஷின் மெக்கானிக். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இருவரும் பிழைக்க வந்தவர்கள். ஞாயிறானால் பழைய ஐம்பது சிசி மொபெட் ஒன்றைப் பிரித்துப் பூட்டி வேகம் ஏற்றிக்கொண்டிருந்தான். அந்த வகுப்பில் மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர்தான் சாதனை என்று பந்தயச் சங்கத்தில் சொன்னார்கள். அவன் உடம்பைச் சுமந்துகொண்டு வண்டி எண்பத்தைந்தைத் தாண்டவில்லை.

"நீ ஏறு புள்ள," என்றான்.

பயந்துகொண்டுதான் ஏறினாள். போகப்போக அந்த வேகம் அவளுக்குப் பிடித்துப்போனது.

உடுமலைக்கு மேற்கே, திறப்புக்குக் காத்திருந்த புறவழிச்சாலையில் ஒரே ஒரு நாள் அனுமதி கிடைத்தது. விடிந்ததும், காற்று எழும்பும் முன்னே ஓட்டுவதாக ஏற்பாடு. காவலுக்கு வரவேண்டிய போலீஸ்காரர் வந்து சேரவே ஒன்பதரை ஆகிவிட்டது. அதற்குள் காற்றாலைகள் சுழலத் தொடங்கியிருந்தன.

சங்கத்து ஆள் சென்னியப்பன் விளக்கினார். "அம்மணி, அந்தக் கம்பத்துலருந்து இந்தக் கம்பம் வரைக்கும் ஒரு கிலோமீட்டருங்க. தூரத்துலருந்தே ஓட்டிட்டு வந்து முழு வேகத்துல உள்ள நுழையோணும். ரெண்டு கம்பத்துலயும் ஒளிக்கதிர் இருக்குது. நீங்க தாண்டுறப்ப நேரம் தானாப் பதிஞ்சுக்கும். ஒருக்கா போனாப் பத்தாதுங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள அதே பாதைல திரும்பி வரோணும். ரெண்டுக்கும் சராசரிதான் கணக்கு."

"எதுக்குங்க ரெண்டு தடவ?"

"காத்து தள்ளிவிட்டு ஜெயிச்சதா ஆயிரக் கூடாது பாருங்க."

கிழக்கே போனபோது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. தொண்ணூற்றெட்டு! ஜெயபாண்டி நடுரோட்டில் குதித்தான். திரும்பும்போது எண்பத்துநான்கு வந்தால் போதும்.

ஆனால் காற்று வலுத்தது. "செத்த பொறுப்போம், அடங்கிரும்," என்றான் ஜெயபாண்டி. ஓரத்துத் தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. சென்னியப்பன் கடிகாரத்தைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். விதியைத் தளர்த்த அவராலும் முடியாது.

"இனியும் நின்னா நேரம் போயிருமுங்க, அம்மணி."

கிளம்பினாள். ஹேண்டில்மேல் தாடை படியக் குனிந்தாள். முழங்கைகளை ஒடுக்கினாள். ஆக்சிலேட்டரை இதற்குமேல் திருக இடமில்லை. முதல் கம்பத்தைத் தாண்டும்போதே காற்று நெஞ்சில் மோதி அழுத்தியது. இஞ்சின் சத்தம் கம்மிக்கொண்டே போவது காதில் விழுந்தது. 'போ, போ' என்று வண்டியிடம் கெஞ்சினாள். அடுத்த கம்பம் கண்ணுக்குத் தெரிந்தது. வந்து சேரத்தான் வெகுநேரம் ஆனது.

எழுபத்தாறு.

"நான் இன்னுங் குனிஞ்சிருக்கணுமோ?" என்று கேட்டாள். ஜெயபாண்டி செயினைத் தொட்டுப் பார்த்தான். குற்றம் சொல்ல வண்டியிலும் ஒன்றுமில்லை.

"நீ என்ன பண்ணுவ, சித்ரா," என்றான்.

இன்னொரு ஓட்டத்துக்குக் கேட்டுப்பார்த்தார்கள். போலீஸ்காரர் தடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தார். மறுவாரம் சாலை திறந்து லாரிகள் ஓடத் தொடங்கின. அப்படியொரு நேரான, காலியான சாலை அவர்களுக்குப் பிறகு வாய்க்கவேயில்லை.

அந்த ஓட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை, அவளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஷிப்மெண்ட் நெருக்கடி, லீவு கிடையாது. தைலம் தேய்த்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனாள்.