மூடி வைத்த வாழைத்தார்

மேட்டுப்பாளையம் பக்கத்தில் எங்கள் ஊர் உழவர் சந்தைக்கு ஞாயிறுதோறும் வாழைத்தார் விற்க வருவார் அவர். மெலிந்த உடம்பு, தோளில் பச்சைத் துண்டு. பேசும்போதும் கண் மலைப்பக்கமே இருக்கும். எல்லாத் தாரையும் விற்றாலும், இருப்பதில் நல்லது ஒன்றைச் சாக்கால் மூடி வைத்து, திரும்ப எடுத்துப் போய்விடுவார்.

எனக்கு வேலை கிடைத்த வாரம், மாரியம்மன் கோயிலுக்கு வைக்க அந்தத் தாரைத்தான் கேட்டேன்.

“அது பெரியவருக்குங்க அம்மணி. வேலியோரம் வெச்சுப்போட்டா, தின்னுட்டு மலையேறிருவாரு. ஊட்டுப் பக்கம் வரமாட்டாரு.”

யானையைத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்.

“ஏனுங்க, ஒரு வாரம் இல்லீன்னா உங்க பெரியவரு கோவிச்சுக்குவாரா?”

“அவரு மறக்கமாட்டாருங்க,” என்றவர் மலையைப் பார்த்தார். இல்லை என்று ஒருவரிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “படிச்ச புள்ள சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்” என்று சாக்கை விலக்கித் தாரைத் தூக்கிக் கொடுத்தார்.

கோயிலில் எல்லாரும் அந்தத் தாரை மெச்சினார்கள்.

அடுத்த ஞாயிறு அவர் இடம் காலியாக இருந்தது. அவரைப் பற்றிக் கேட்கலாம் என்று பக்கத்தில் கீரை விற்கும் அக்காவிடம் போனேன். அக்காவே முந்திக்கொண்டார்.

“பெரியவருக்கு வெச்சிருந்த தார நீதான வாங்கிட்டுப் போன, கண்ணு?”

ஆமாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.