என்ஜின் சூட்டில் வந்த இரண்டு பொட்டலங்கள்

ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்குக் கோவையில் வெள்ளகோவில் பஸ் ஏறினேன். மடியில் எட்டு, காலடிப் பையில் இரண்டு என்று அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரப் பொட்டலங்கள். பார்வைக்கு வெறும் கரித்தூள்தான். உள்ளே கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள். வேரை ஒட்டிக் குடியிருந்து புதுவேர்களை விடச் செய்யும். தண்ணீர் குறைந்தாலும் செடி தாக்குப்பிடிக்கும். ஒரே தொல்லை, சூடு பட்டால் அவை செத்துவிடும்.

என்னோடு கல்லூரியில் படித்த பழனிசாமிக்கு வெள்ளகோவில் பக்கம் தோட்டம். கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. இந்தப் போகத்தில் நடப்போகும் மிளகாயும் கருகினால் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவதாக முடிவு செய்திருந்தான். 'ஒரு தடவை இதைப் போட்டுப் பார், அப்புறம் போ' என்று நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன்.

சூலூர் தாண்டியதும் நல்ல கூட்டம். கண்ணயர்ந்து, பல்லடத்தில் விழித்துப் பார்த்தால் காலடிப் பையைக் காணோம். டிரைவர் பக்கத்து என்ஜின் மூடிமேல் சொகுசாக உட்கார்ந்திருந்தது!

"ஐயோ, அதுக்குள்ள உயிர் இருக்கு!" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"ஏனுங்க, கோழிக்குஞ்சுங்களா?" கண்டக்டர் பதறினார். "கால்ல மிதிச்சுப்போடுவாங்கன்னுதான் எடுத்து வெச்சேனுங்க."

நல்ல மனசோடு செய்தவரை எப்படித் திட்டுவது? ஆனாலும் எரிச்சலாகத்தான் இருந்தது. பொட்டலம் கையில் பிடிக்க முடியாத சூடு. காங்கேயத்துக்குப் பூ கொண்டுபோன பக்கத்து சீட்டு அம்மா, மீதி எட்டையும் தன் ஈரச்சாக்கில் வைக்கச் சொன்னார். காங்கேயம் வரை மல்லிகைக்குள் குளிர்ச்சியாகப் பயணம் செய்தன.

தொண்ணூறு கிலோமீட்டர் கடந்து பதினோரு மணிக்கு வெள்ளகோவில். பழனிசாமி மொபெட்டில் கூட்டிப்போனான். அவன் மனைவி சரசு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். "இந்தக் கரித்தூளுக்காங்கண்ணா இத்தனை தூரம் வந்தீங்க? நான் பெட்டியெல்லாம் கட்டிப்போட்டேனுங்க."

வெயில் தாழ்ந்ததும் தூளைத் தண்ணீரில் கரைத்து, நாற்றின் வேரை அரைமணி நேரம் நனைத்து நட்டோம். என்ஜின் சூட்டையும் ஈரச்சாக்கையும் பற்றி அவர்களிடம் சொன்னேன். சூடுபட்ட இரண்டையும் வீணாக்குவானேன் என்று தனியே கரைத்துக் கடைசி இரண்டு வரிசைக்குக் கொடுத்தோம்.

ஆடியில் மறுபடி போனேன். மோட்டார் பழுதாகி, பத்து நாளாகத் தண்ணீர் பாயவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு மண்ணை உலர்த்திக்கொண்டிருந்தது. பயந்துகொண்டேதான் வரப்பில் ஏறினேன்.

உச்சிவெயிலில் கடைசி இரண்டு வரிசையும் தலை தொங்கிக் கிடந்தன. மற்றவையெல்லாம் இலை விரித்து நின்றன. ஒரே மண், ஒரே நாற்று, ஒரே காற்று. பழனிசாமி தொங்கியதில் ஒன்று, நின்றதில் ஒன்று என்று இரண்டு செடியைப் பிடுங்கினான். தொங்கிய செடிக்கு நாலைந்து வேர். நின்ற செடிக்கு ஒரு கொத்து. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தக் கண்டக்டர் எதிரில் இருந்திருந்தால் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பேன். அவர் புண்ணியத்தில்தானே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது!

"மழை இல்லாமப் போனா இதுவும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்றான் பழனிசாமி.

"மோட்டார் சரியாகிற வரைக்கும் தாங்கும். அது போதுமில்ல?" என்றேன்.

சரசு இரண்டு வேரையும் வாங்கி மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் நான் கிளம்பும்போது ஒரு சாக்கை மடித்துக் கொண்டுவந்து என் பையில் திணித்தார். அன்று கட்டிய பெட்டியைச் சுற்றியிருந்த சாக்கு.

"அடுத்த போகத்துக்கு வாரப்ப, இதை நனைச்சு, கரித்தூளை அதுல சுத்தி எடுத்துட்டு வாங்கண்ணா," என்றார்.