வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் போன லோஞ்சு

படகில் எஞ்சின் நின்றால் சனம் விதியைத் திட்டும். சுக்கான் கெட்டால் மெக்கானிக்கைத் திட்டும். அந்த இரண்டாவது வகைத் திட்டை வாங்கித்தான் நான் திருகோணமலையில் பிள்ளைகுட்டிகளை வளர்த்தேன். வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபிறகு, அவனுடைய பட்டறையில் பழகிய வேலையை நம்பிக் கடற்கரையோரம் ஒரு தகரக் கொட்டில் போட்டேன். பழைய மோட்டார் படகுகளுக்கு ஸ்டியரிங் திருத்துவது தொழில். கைவேலைக்காரரை எங்கள் பக்கம் கூப்பிடுகிறபடி, சனம் என்னையும் பாஸ் என்று கூப்பிடும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முன்னால் கையால் திருப்பும் ஒரு சில்லு, அதன் பின்னே ஓர் உருளை. உருளையில் சுற்றிய இரும்பு வயர் கப்பிகளுக்குள்ளால் இரண்டு பக்கமும் ஓடி, பின்னால் தண்ணீருக்குள் இருக்கும் சுக்கானை இழுக்கும். அவ்வளவுதான். பழைய படகோ, பழைய காரோ, பழைய சைக்கிளோ வைத்திருந்து அவதிப்பட்டவர்களுக்கு மிச்சத்தை நான் விளக்கத் தேவையில்லை.

பொறுமைசாலி

இறக்கக்கண்டி ஊர்ச் சவிரிமுத்து அண்ணன் மீன்பிடிக்கிறவர். ஒருநாள் வந்து, படகு இடப்பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது என்றார். போய்ப் பார்த்தால், கப்பிக்கும் வயருக்கும் நடுவில் கிழிந்த வலைத்துண்டு ஒன்று சிக்கி இறுகிக் கிடந்தது. பிடுங்கி எறிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எத்தனை நாளாய் இப்படி என்று கேட்டேன். முழுதாய் ஏழு நாள், ஒரு கிழமையாம். அப்படியானால் ஒரு கிழமையாய்த் தொழில் இல்லையா என்று இரக்கப்பட்டேன். அவர் ஒருநாள்கூட விடாமல் கடலுக்குப் போயிருக்கிறார்.

"இடப்பக்கம் போகவேணுமெண்டா, வலப்பக்கமே வட்டமடிச்சுக்கொண்டு வந்தாச் சரி தம்பி. கடல் என்ன ஒடுக்கமான ஒழுங்கையே?"

கயிற்றுக் காலம்

ஹபீப் நானா மூதூர்க்காரர். திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் குடாவைக் கடந்து சனத்தையும் நெல்லையும் ஆடுகளையும் ஏற்றும் லோஞ்சு ஒன்று அவருக்கு இருந்தது. அவரே முதலாளி, அவரே ஓட்டி. என் கொட்டிலுக்கு முதல் தடவை வந்தபோது, அறுந்த வயரைச் செத்த பாம்பைப்போல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். வெளிநாட்டுச் சாமான் இறக்குமதி இல்லாத காலம் அது. நல்ல வயர் கிடைக்காமல் இரண்டு மாதம் கயிற்றைக் கட்டி ஓட்டியிருக்கிறார். கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தொய்யும். காலையில் ஒரு முடிச்சு, மத்தியானம் ஒரு முடிச்சு என்று மாற்றி மாற்றிப் போட்டு அந்தக் குடாவைக் கடந்திருக்கிறார்.

அவர் வருவதற்கு முந்தின கிழமை அந்தக் கயிறும் நடுவழியில் அறுந்துவிட்டது. துடுப்பைக் கட்டிச் சுக்கானாக்கி எல்லாரையும் கரைசேர்த்தாராம். ஆனால் பயந்த சனம் பயந்ததுதான். போதாக்குறைக்கு அதே வழியில் புதிதாய் இன்னொரு லோஞ்சும் வந்திருந்தது.

"இன்னுமொருக்கா நடுக்கடலில நிண்டா, சனம் மற்ற லோஞ்சில ஏறிடும் பாஸ். எனக்கு இதை விட்டா வேற தொழில் தெரியாது."

மூன்று நாள் வேலை

சீனன்குடாப் பக்கம் பழைய இரும்பு விற்கிற ஒருவரைக் கெஞ்சி நல்ல வயர் ஒன்று எடுத்தேன். உடைந்த லொறியிலிருந்து ஒரு ஸ்டியரிங் சில்லு. உருளையை நானே கடைந்தேன். மூன்று நாள் சோறு தண்ணி மறந்து செய்த வேலை. கடைசியில் நான் முன்னால் நின்று சில்லை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினேன். நானா பின்னால் குனிந்து சுக்கானைப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்புகிறேன் என்று நான் சொல்லவில்லை, எந்தப் பக்கம் போகிறது என்று அவரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் சந்தோசம் தலைக்கேறியிருந்தது.

"ஆடுது பாஸ், வடிவா ஆடுது!"

செய்தவனும் ஏறவேண்டும்

மூதூர் லோஞ்சுக்காரரிடம் ஒரு வழக்கம். சுக்கானில் கைவைத்தவன் முதல் ஓட்டத்தில் ஏறியே ஆகவேண்டும். அதுவும் ஓட்டியின் பக்கத்தில், எல்லாரும் பார்க்கும்படி. இதைவிடக் கண்டிப்பான பரிசோதனையை எந்த அரசாங்கமும் கண்டுபிடிக்கவில்லை. மறுநாள் காலை நானும் போய் மாப்பிள்ளை மாதிரி நானாவின் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்த்துத்தான் பாதிச் சனம் ஏறியது. படகுத்துறை ஜெட்டியை விட்டு வெளிக்கிட்டதும், இடப்பக்கம் கட்டியிருந்த சரக்குப் படகான வத்தை ஒன்றை விலக்க நானா சில்லை வலப்பக்கம் திருப்பினார். லோஞ்சு நேரே அந்த வத்தையை நோக்கித் திரும்பியது.

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. உருளையில் வயரை மேலால் சுற்றவேண்டிய நான் கீழால் சுற்றியிருந்தேன். நானா மறுபக்கம் வெட்டித் திருப்ப, ஒரு சாண் இடைவெளியில் தப்பினோம். என்னை ஒருதரம் பார்த்தார். திட்டவில்லை. உயரமான மரப்பெட்டி ஒன்றைக் காலால் இழுத்து அதில் குந்தினார். சில்லின் மேல்விளிம்பை விட்டுவிட்டுக் கீழ்விளிம்பைப் பிடித்தார். யோசித்துப் பாருங்கள்: மேல்விளிம்பு வலப்பக்கம் போகும்போது கீழ்விளிம்பு இடப்பக்கம் போகும். கீழே பிடித்தவனுக்குக் கை போகிற பக்கமே லோஞ்சும் போகும். மூன்று நாள் மினக்கெட்டு நான் செய்த பிழையை, அந்த மனிதர் கையை இடம்மாற்றி ஒரு நொடியில் திருத்திவிட்டார். கோழிக்கூடையோடு இருந்த ஒரு பெண், "என்ன நானா, ஒருநாளும் இல்லாம பெட்டியில இருந்துக்கொண்டு ஓட்டுறீங்க, சுகமில்லையா?" என்று கேட்டாள். நானா எல்லாருக்கும் கேட்கத் தக்கதாய்ப் பதில் சொன்னார்.

"புது ஸ்டியரிங் புள்ள! இனி இருந்துக்கொண்டே ஓட்டலாம்."

மூதூர் ஜெட்டியில்

முட்டையை வைப்பதுபோல் லோஞ்சை மூதூர் ஜெட்டியில் சேர்த்தார். சனம் சிரித்துக் கதைத்துக்கொண்டு இறங்கிப் போனது. எனக்கு அழுகை வந்தது, மறைக்க என்ன இருக்கிறது? ஏன் நானா உடனே கரைக்குத் திரும்பவில்லை என்று கேட்டேன். வத்தைகளுக்கு நடுவில் திரும்பும்போது கை பழைய பழக்கத்தில் போனால் ஆபத்து, வெளியே கடல் அகலம், கை பழக இடமிருக்கிறது என்றார். பிள்ளைக்குக் கணக்கை விளங்கப்படுத்துவதுபோல் நிதானமாய்ச் சொன்னார். பிறகு பால் விடாத ஒரு பிளேன்ரீயை என் கையில் தந்தார்.

"சனம் பயந்து இறங்கியிருந்தா எனக்கு லோஞ்சில்ல, உங்களுக்குக் கொட்டிலில்ல. இப்ப ரெண்டும் இரிக்கி. தேத்தண்ணியக் குடிச்சிட்டு வயரை மாத்திச் சுத்துங்க."

விசேஷ வேலை

ஒரு மாதம் போயிருக்கும். நானா கப்பிக்குக் கிறீஸ் வாங்க வந்து என் கொட்டிலில் இருந்தார். மற்ற லோஞ்சின் முதலாளி உள்ளே வந்தார். தன் லோஞ்சுக்குச் சனம் குறைந்துவிட்டது, ஹபீப் நானாவுக்குப் போட்ட அதே குந்தியிருந்து ஓட்டுகிற ஸ்டியரிங்கைத் தனக்கும் போட்டுத் தரவேண்டும், எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்லை என்றார். நானா கதிரையில் சாய்ந்தபடி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார்.

"அது பாஸ் எனக்கெண்டு விசேஷமாக் கட்டினது. இனி ஆருக்கும் அப்பிடிக் கட்டமாட்டன் எண்டு சத்தியம் பண்ணியிருக்கார்."

இத்தனை வருடத்தில் நான் ஒழுங்காகக் கட்டிய சுக்கான்களைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. தலைகீழாய்க் கட்டிய ஒன்றுக்குத்தான் மூதூர் வரை பெயர் கிடைத்தது, அந்தப் பெயரும் சில்லின் அடியில் கைவைத்தவர் வாங்கித் தந்தது.