வலப்பக்க இருக்கையில் ஒரு பரீட்சை

காலை ஆறு மணிக்கு, இத்தாலியின் பலெர்மோ ரயில் நிலையத்தடியில் எனா நகருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். தூரம் ஏறக்குறைய நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர். பயணச்சீட்டு பதினாலாயிரம் லீரா. பலெர்மோவின் பிரான்காச்சோப் பகுதியில் பந்தயக் கார்கள் திருத்தும் கராஜில் எனக்கு வேலை. திருத்திய கார்களை ஓட்டிப் பார்த்துப் பார்த்தே வேகத்தில் ருசி ஏற்பட்டு, பந்தயத் தடத்தில் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். இரண்டு மாதப் பயிற்சி முடிந்து அன்று கடைசிப் பரீட்சை. தவறினால் மறுபடி கராஜ்தான். தவறுவேன் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு.

பக்கத்தில் ஒரு மன்னார் அக்கா. எனாவில் ஒரு முதிய சிஞ்ஞோராவை, இத்தாலிய அம்மாவைப் பராமரிக்கும் வேலைக்குப் போகிறவர்.

“தம்பி எங்கை போறியள்?”

“கார் வேகமா ஓட்டப் பழக்கிற வேலைக்குப் பரீட்சை, அக்கா.”

“இஞ்சத்தை ஆக்களுக்கோ? அவையள் இப்பவே பறக்கினம்.”

“ஓம், விழாமல் பறக்கப் பழக்கப் போறன்.”

அக்கா சிரித்துவிட்டுச் செபமாலையை எடுத்தார்.

பத்து மணிக்குத் தடத்தில் நின்றேன். எனாவுக்குப் பக்கத்து ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் அளவு ஓடுகிறது அது. எனக்குத் தந்த மாணவி பலெர்மோவில் பல் வைத்தியர். தேர்வாளர் பின்னிருக்கையில் ஏறினார். அவர்கள் இத்தாலிய மொழியில் பேசியதை எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.

பயிற்சிக் காலம் முழுக்க ஓட்டியவன் நான். பக்கத்திலிருந்து கற்பிப்பது அன்றுதான் முதல்முறை. யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் மினிபஸ் ஓட்டியிருக்கிறேன்; அங்கே சாரதிக்கு வலப்பக்கம். இத்தாலியில் சாரதி இடப்பக்கம், பயிற்றுநர் வலப்பக்கம். வலப்பக்கம் உட்கார்ந்ததும் என் உடம்பு தன்னைச் சாரதியென்று நினைத்துவிட்டது. மூன்றாவது வளைவில் வலக்கால் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது. இடக்கை கியரைப் பிடித்தது. வைத்தியர் வெருண்டு வளைவின் நடுவில் அக்சிலரேட்டரை விட்டார். பின்பக்கம் வழுக்கி, கார் புல்லில் போய் நின்றது.

“உம்மடை கையைக் கண்டுதான் அவ பயந்தவ,” என்றார் தேர்வாளர். “இன்னொருக்கால் அந்தக் கை போனால் நீர் வீட்டை போகலாம்.”

வெட்கத்தில் முகம் சுட்டது. கையைத் தொடைக்கு அடியில் வைத்தேன்; காலை இருக்கைப் பக்கம் மடக்கினேன். ஆனால் கால் சும்மா இருக்கவில்லை, ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் துடித்தது. அப்போதுதான் விளங்கியது, அது துடிக்கும் இடம் சரியான இடம். அதற்கு ஒரு மூச்சு முந்தி வாயைத் திறந்தால் போதும்.

“இப்ப பிரேக். மெல்ல விடுங்கோ. தூரத்தைப் பாருங்கோ. இனி அக்சிலரேட்டரை அமத்துங்கோ.”

கார் கோடு பிடித்ததுபோல் வளைந்தது. சுற்றுக்குச் சுற்று என் சொற்கள் குறைந்தன. கடைசியான ஏழாவது சுற்றில் வாயே திறக்கவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வைத்தியர் ஒரு வளைவையும் தவறவிடவில்லை.

இறங்கியதும் தேர்வாளர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மாணவியிடம்தான் கேட்டார்: “இவர் எப்பிடி?”

அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு யோசித்தார். “கடைசிச் சுற்றிலை இவர் இருந்ததையே மறந்துபோனன்.”

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். தேர்வாளர் தாளில் கையெழுத்து வைத்து என்னிடம் நீட்டினார். “திங்கட்கிழமை வாரும்.”

மாலை பஸ்ஸில் பலெர்மோ திரும்பும்போது சிரிப்பு வந்தது. ஊரில் பஸ் நிறைந்த சனமும் என்னைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே ஓட்டியவன் நான். இங்கே ஒருத்தி என்னை மறந்துவிட்டாள் என்பதற்காக வேலை கிடைத்திருக்கிறது.