வெறும் தண்ணீரில் பச்சை ஒளி

பாண்டீஸ்வரி ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. சில மாத்திரைகளைத் தயாரிக்க பல்லேடியம் என்ற உலோகம் வினையூக்கியாக உதவுகிறது. அதன் மிச்சம் மாத்திரையில் தங்கியிருக்கிறதா என்று கண்டுபிடிப்பதே அவள் வேலை. அவள் தயாரித்த சாயக் கரைசல் தானாக ஒளிராது. பல்லேடியம் பட்டால், புற ஊதா விளக்கின் கீழ் பச்சையாக ஒளிரும். உலோகத்தின் ஓர் அணு தான் தீராமலே பல சாய மூலக்கூறுகளை ஒளிரச் செய்துவிடும். அதனால் அணுவளவு இருந்தாலும் தெரிந்துவிடும்.

ஒருநாள் மாத்திரையே போடாத வெறும் தண்ணீரும் ஒளிர்ந்தது.

"தண்ணியில எப்படிம்மா பல்லேடியம் வரும்? குடுவையைக் கழுவுனியா?" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர் கிருபாகரன்.

"கழுவுனேன் சார்."

மறுநாள் அதே தண்ணீரைப் புதிதாக எடுத்துச் சோதித்தால் ஒளியே இல்லை. அடுத்த நாள் மறுபடி பச்சை. அவள் தண்ணீரை மாற்றினாள், சாயத்தை மாற்றினாள், தன் மேலேயே சந்தேகம் வந்து, அதுவும் உலோகம்தானே என்று காதுத் தோட்டைக்கூடக் கழற்றி வைத்தாள். பஸ்ஸில் அதையே யோசித்தபடி இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனாள்.

ஒரு மதியம் கரண்ட் போனது. கலக்கும் கருவி ஓடாததால் வெறும் தண்ணீரையும் சாயத்தையும் கண்ணாடிக் குச்சியால் கலக்கினாள். பேட்டரியில் எரியும் புற ஊதா விளக்கில் பார்த்தால் ஒளியே இல்லை. கரண்ட் வந்ததும் வழக்கம்போல வெள்ளைக் காந்தத் துண்டைக் குடுவைக்குள் போட்டு, கருவியின் மேல் வைத்துச் சுழலவிட்டாள். சற்று நேரத்தில் பச்சை படர்ந்தது.

அந்தக் காந்தத் துண்டுகள் எல்லோருக்கும் பொதுவான டப்பாவில் கிடப்பவை. பக்கத்து ஆய்வகத்து டயானாவிடம் ஓடினாள்.

"நீ பல்லேடியம் போட்டுக் கலக்குறது இதை வச்சா?"

"ஆமாக்கா. நல்லாத் தேய்ச்சுக் கழுவித்தான் வச்சேன்."

துண்டின் மேலுறையில் மெல்லிய கீறல்கள். கழுவினாலும் போகாத உலோகம் அதில் ஒளிந்திருந்தது. டப்பாவில் எது சுத்தம், எது அழுக்கு என்று பார்த்துச் சொல்ல முடியாது.

"அப்ப இதுவரைக்கும் எடுத்த ரிசல்ட் சார்?" என்று பேராசிரியரிடம் போய்க் கேட்டாள்.

கிருபாகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எது மாத்திரை, எது காந்தம்னு யாருக்கும்மா தெரியும்? புதுத் துண்டு வாங்கித் தாரேன். மொதல்ல இருந்து செய்."

புதுத் துண்டோடு, முன்பு ஒளிர்ந்ததால் பல்லேடியம் இருக்கிறது என்று அவள் உறுதியாக நம்பிய மாத்திரையை முதலில் சோதித்தாள். ஒளிரவில்லை. திரும்பச் செய்தாள். அப்போதும் இல்லை. மருந்து சுத்தம் என்று சந்தோஷப்படுவதா, உழைப்பு போயிற்று என்று அழுவதா என்று புரியாமல், விளக்கை அணைக்காமலே நின்றாள்.