நூல்கண்டு அம்மன்

ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். கையில் சூலம், பக்கத்தில் கேடயம், காலடியில் சிங்கம், தலையில் கிரீடத்தோடு ஓர் அம்மன். மாமியார் கல்யாணமாகி வந்தபோதே அங்கே இருந்ததாம். சிங்கத்தம்மா என்பார். வெள்ளிக்கிழமை தவறாமல் குங்குமம் வைத்து வைத்து முகம் பாதி மறைந்துவிட்டது. கீழே இருந்த எழுத்தெல்லாம் சந்தனத்துக்குள் போய்விட்டது. கும்பிடு போட்டேனே தவிர, நானும் உற்றுப் பார்த்ததில்லை.

என் தம்பி மீஞ்சூரில் பிரஸ் வைத்திருக்கிறான். பழைய விளம்பர அட்டை என்றால் அவனுக்குப் பைத்தியம். தீப்பெட்டி, சோப்பு, துணி மூட்டையில் ஒட்டிய படம், எதையும் விடமாட்டான். போன மாதம் லீவுக்கு வந்தவன் அலமாரியைப் பார்த்தான். கை சும்மா இருக்குமா? யாரையும் கேட்காமல் ஈரத்துணியால் துடைத்தேவிட்டான். குங்குமம் மொத்தமும் துணியோடு வந்துவிட்டது. கீழே இங்கிலீஷில் ஏதோ ஒரு நூல்கண்டு கம்பெனியின் பெயர்.

“அக்கா, இது சாமியே இல்ல. வெள்ளைக்காரன் அவன் நாட்டப் பொம்பளையா வரைஞ்சி வச்சிக்கினான். சூலம்னா கடல் அவனுதுன்னு அர்த்தம். கேடயத்துல பாரு, அவன் கொடி. சிங்கம் அவன் பலம். அது கிரீடமும் இல்ல, சண்டைக்குப் போடற இரும்புத் தொப்பி. நூலு விக்க அனுப்பிச்சான், நாம மஞ்ச குங்குமம் வச்சிட்டோம்.”

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆண்டவன் என்று இத்தனை நாள் சூடம் காட்டியது நம்மை ஆண்டவனுக்கா? மாமியார் சிரிக்கவில்லை. அந்த வெறும் நெற்றியையே பார்த்தார். “இன்னா தம்பி, சுமங்கலி பொட்ட அழிச்சிட்டியே” என்றார்.

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். “உங்க ஊட்டுக்காரர் கம்பெனில ஃபர்னஸ் வெடிச்சிடுச்சாமே. போன் பண்ணியா?”

என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. அன்றைக்குப் பகல் ஷிஃப்ட். போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். வேலை நேரத்தில் அவர் அணைத்துத்தான் வைப்பார். அது தெரிந்து என்ன பிரயோஜனம்?

தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்து பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினான். அவன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. ஃபர்னஸ் வெடித்ததற்கு அவன் துணி என்ன செய்யும் என்று புத்தி சொன்னது. கை கேட்கவில்லை. குங்குமத்தை அள்ளி அந்தச் சீமைக்காரியின் நெற்றியில் அப்பினேன். நூல்கண்டாகவே இரு, வெள்ளைக்காரன் கொடியாகவே இரு, தாயே, என் வீட்டுக்காரரை மட்டும் கொடுத்துவிடு. மாமியார் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பெற்ற பிள்ளையாயிற்றே.

போன் அடித்தது. அவர் குரல். “ஏய், நான்தான். எனக்கு ஒண்ணும் இல்ல. எதுக்கு அழுவற?”

போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். மாமியாரைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். யாருக்கு என்ன ஆயிற்று என்று அதற்குப் பிறகுதான் கேட்கத் தோன்றியது.

“ஒடிசாக்காரர் ஒருத்தர் செத்துப் பூட்டாரு” என்றார். “அவங்க ஊட்டுக்குச் சொல்றதுக்கு, பாஷ தெரிஞ்ச ஆளத் தேடிக்கினு கீறாங்க. தெனம் இந்நேரத்துக்கு அவரு சம்சாரம் கூப்புடுமாம். லாக்கருக்குள்ள போன் அடிச்சிக்கினே கீது.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த மணிச் சத்தம் எனக்கும் கேட்டது.