அப்பாவின் பிக்கப்பும் மாமாவின் ஞாயிற்றுக்கிழமைகளும்

அப்பாவின் பிக்கப்புக்கு எல்லா நல்ல குணமும் உண்டு, நேராகப் போவதைத் தவிர. ஆயர் ஈத்தாமில் பூச்சட்டிகளை ஏற்றி, குளுவாங்கிலிருந்து எங்கள் ரெங்கம் வரைக்கும் உள்ள செடிக்கடைகளில் இறக்குவது அப்பாவின் தொழில். நேரான சாலையில்கூட அவர் கை சும்மா இருக்காது. தப்பி ஓடப் பார்க்கும் கோழியைப் பிடித்திருப்பவர் போல, ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று திருப்பிக்கொண்டே இருப்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது. வண்டி ஓட்டுவது என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் நாங்கள் மூவரும் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, எதிரே செம்பனைக்குலை லாரி ஒன்று விரைந்து கடந்தது. அந்தக் காற்றுக்கே பிக்கப் லோங்காங் என்கிற சாலையோரக் கால்வாய்ப் பக்கம் நகர்ந்தது. அப்பா இழுத்துத் திருப்பினார். நடுக்கோட்டைத் தாண்டிப் போனது. மறுபடியும் திருப்பினார். ஒருவழியாக ஓரத்தில் நின்றபோது, அம்மாவின் மடியிலிருந்த அர்ச்சனைத் தட்டு காலடியில் கவிழ்ந்து கிடந்தது. அம்மா கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

"இன்னிக்கு லோங்காங்ல விழுந்து கிடந்திருப்போம். இது சரியாகுற வரைக்கும் நானும் ஏற மாட்டேன், பாப்பாவையும் ஏத்த விடமாட்டேன்" என்றாள்.

அப்பா வண்டியை டவுன் வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். சக்கரங்களை நேராக்கினார்கள், முன்னால் இரண்டு புது டயர் போட்டார்கள். வண்டி பழைய புத்தியோடுதான் திரும்பி வந்தது. "ரோடு சரியில்ல லா" என்று அப்பா முடிவு கட்டினார். அம்மா அடுப்படிக்குப் போய்த் தன் தம்பிக்குப் போன் போட்டாள். அப்பாவிடம் கேட்டுவிட்டுச் செய்யவில்லை. கேட்டிருந்தால் நடந்திருக்காது.

மாமா ஜோகூர் பாருவில் குடியிருந்தார். தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூரில் பஸ் பழுது பார்க்கும் வேலை. வண்டி விஷயத்தில் அவரைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது? ஆனால் மாமாவின் கல்யாணத்துக்குப் பிறகு அவரும் அப்பாவும் முகம் பார்த்துப் பேசியதில்லை. அக்காள் புருஷனை வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் வந்து அழைப்பதுதான் எங்கள் பக்கத்து முறை. மாமாவோ வேலை நெருக்கடியில் பத்திரிகையைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். கீழே கைகூப்பும் பொம்மை ஒன்று. "குரூப்பத்தானே கூப்பிட்டிருக்கான்? குரூப் போகட்டும்" என்றார் அப்பா. அம்மாவின் முகத்துக்காகப் போனோம். தாலி ஏறியதும் அட்சதையைத் தூவிவிட்டுப் மண்டபத்தின் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்துவிட்டோம். வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று மாமாவுக்கும் ரோஷம். அதன்பிறகு அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மாவுக்குக் கூடப்பிறந்தது அவர் ஒருவர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவின் கார் வாசலில் நின்றதும், அப்பாவுக்குத் திடீரென்று பூச்சட்டிகளை இடம் மாற்றி அடுக்க வேண்டிய வேலை வந்துவிட்டது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மாமா என்னைப் பார்த்து, "பாப்பா, சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். அப்பா சாவியை என் கையில் கொடுத்தார். இப்படியாக நான் பதவி ஏற்றேன்.

ஸ்டியரிங் ஆடும் வண்டியைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஆட்ட வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு மூட்டாக, எது அசைகிறது, எது அசையாமல் சோம்பிக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்டியரிங் எனக்கு எட்டவில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். உண்மையில் நன்றாகவே எட்டும். வேறு வழியில்லாமல் அப்பா ஏறி உட்கார்ந்தார். மாமா அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அடியில் நுழைந்தார்.

"பாப்பா, சக்கரம் திரும்பாத அளவுக்கு, லேசா இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லு."

"அப்பா, லேசா ஆட்டணுமாம்."

"கேட்டுச்சுன்னு சொல்லு."

"மாமா, கேட்டுச்சாம்."

இருவருக்கும் நடுவே இருந்தது வண்டியின் அடித்தகடு மட்டும்தான். ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் என் வழியாகத்தான் போய்வந்தது. எனக்கு அதில் பெருமைதான்.

மாமாவின் சந்தேகம் முதலில் ஸ்டியரிங் பெட்டியின் மேல் விழுந்தது. அதன் திருகை இறுக்கினார். அப்பா ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "வளைச்சா வளைச்ச மேனிக்கே நிக்குது, தானா நேருக்கு வரலன்னு சொல்லு" என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. மாமா திருகைப் பழையபடி தளர்த்தினார். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. "அடுத்த வாரம் வந்து பாக்குறேன்னு சொல்லு" என்று கிளம்பினார். வண்டி சரியாகவில்லை, ஆனால் அன்று அம்மா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் துலக்கினாள்.

அடுத்த வாரம் மாமா முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களை ஆட்டிப் பார்த்தார். எல்லாம் கெட்டியாக இருந்தன. மறுபடி இறக்கி வைத்துவிட்டு, குழம்பிப் போய்த் தலையைச் சொறிந்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, பேப்பருக்குப் பின்னாலிருந்தே, "இடது சக்கரம் பள்ளத்துல இறங்கி ஏறுனா ஆட்டம் அதிகமாகுதுன்னு சொல்லு" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா திரும்பினார். "இத போன வாரமே சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டாத்தானே சொல்றதுக்கு?"

"கேக்காம இதெல்லாம் சொல்ற விஷயம்தான், அத்தான்."

"நீ கூப்பிட்டது குரூப்பத்தானே? கூப்பிடாம வர்றதுக்கும் கேக்காம சொல்றதுக்கும் நான் யாரு?"

அம்மா கையில் கரண்டியோடு வெளியே வந்து நின்றாள். மாமா, "தப்புதான்" என்று தரையைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு, வண்டியின் இடப்பக்கம் போய் அடியில் நுழைந்துகொண்டார். "ஆட்டுங்க அத்தான்" என்று அடியிலிருந்து குரல் வந்தது. அப்பா ஏறி உட்கார்ந்து ஆட்டினார். என் பதவி பறிபோய்விட்டது என்பதுதான் அப்போது என் கவலை.

சற்று நேரத்தில், "அலமாக்! அத்தான், இங்க வந்து பாருங்க!" என்று மாமா கத்தினார். அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் அடியில் நுழைந்தார். ஸ்டியரிங்கை இப்போது நான் ஆட்டினேன். நன்றாகவே எட்டியது. சக்கரங்களை இணைக்கும் கம்பியை இடப்பக்கத்தில் தாங்கிப் பிடிக்க ஒரு சின்ன இரும்புக் கை இருக்கிறது. அது பக்கவாட்டில் மட்டும்தான் போய்வர வேண்டும். எங்கள் வண்டியில் அதன் மூட்டிலிருக்கும் புஷ் வளையம் தேய்ந்து, மேலும் கீழுமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. நான் திருப்பியதில் பாதி அந்தத் தலையாட்டலிலேயே செலவாகிவிட்டது. வண்டிக்கு வெளியே நாலு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

பழைய வண்டிகளை வெட்டி விற்கும் கடையில் நல்லதாக ஒன்று தேடி வாங்கி, அதற்கடுத்த ஞாயிறு மாமா மாட்டிக் கொடுத்தார். அம்மா துணிந்து வண்டியில் ஏறினாள். புறப்பட்டதும் பிக்கப் முன்னைவிட மோசமாக ஆடியது. அம்மா கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். மாமாவோ சிரித்தார். "அத்தான், ஆடுறது வண்டியில்ல, நீங்கதான். கைய சும்மா வைங்க, அதுவே போகும்." அப்பா கையைச் சும்மா வைத்தார். லாரி ஒன்று கடந்து போனது. பிக்கப் தன் வழியே போனது.

நல்ல செய்திதானே? ஆனால் வீடு திரும்பியதும் மாமா கைகழுவித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அப்பா சட்டிகளை அடுக்கினார். அடுத்த வாரம் என்று சொல்ல இருவரிடமும் ஒன்றுமில்லை. கார் கிளம்பிப் போனதும், "இனி எதுக்கு வரப்போறான்" என்று அம்மா பொதுவாகச் சொன்னாள். சரியாகாத வண்டிக்குப் பாடினவள், சரியாகிவிட்ட வண்டிக்கு இப்படி முகத்தைத் தொங்கப் போடுவானேன் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை. அப்பா பேப்பரை ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு அடிக்கடி கேட்டைப் பார்த்தார். பிறகு ஒரு சனிக்கிழமை மாலை, பிக்கப்பின் இடது முன்சக்கரத்தருகே குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த தீக்குச்சி டயரின் காற்றுவாயை அழுத்திக்கொண்டிருந்தது. புஸ் என்று நீண்ட சத்தம்.

"என்னப்பா பண்றீங்க?"

"காத்து சரியா இருக்கான்னு பாக்குறேன்."

வெகுநேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். நான் பழக்கத்தில் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. அவரே எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார். "மச்சான்... வண்டி மறுபடியும் ஒரு பக்கமா இழுக்குதுடா. நாளைக்கு வர முடியுமா? தங்கச்சியையும் கூட்டிட்டு வா." அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

மாமாவும் அத்தையும் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்கள். மாமா பிக்கப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். சப்பையாகிக் கிடந்த டயருக்கு முன்னால் நின்றார். அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார். "அடியில படுத்துப் பாக்கணும் அத்தான், நேரமாகும்" என்று மாமா அட்டையை விரித்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "மாமா, டயர்ல காத்தே இல்ல! நேத்து அப்பாதான்..." என்பதற்குள் அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. அடுப்படிக்கு இழுத்துப் போய் வெங்காயத்தை உரிக்க வைத்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மீண்டும் அதே நாலு கால்கள். அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. டயர் பக்கம் யாரும் திரும்பவில்லை.

மாலையில் என் சைக்கிள் பம்பை எடுத்துப் போய் நானே காற்றடிக்க உட்கார்ந்தேன். அப்பா ஓடிவந்து பம்பைப் பிடுங்கினார். "விடு பாப்பா, அடுத்த வாரம் மாமா வந்து பாத்துக்குவாரு."

"ஆமா, இது கொஞ்சம் சிக்கலான கோளாறு" என்றார் மாமா.

வெங்காயம் உரித்தவள் நான். வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அம்மா. இத்தனை பெரியவர்கள் இருந்தும், டயரில் காற்றில்லாவிட்டால் வண்டி இழுக்கும் என்பது ஒருவருக்குக்கூடத் தெரியவில்லையே என்று எனக்கு மிகவும் கவலையாக இருந்தது.